இங்கிலீஷ் பேய்

கூரியரில் வந்த வட்டு
ஒரு அப்பளத்தின் கனம்கூட இல்லை.
அட்டையில் 'புதுப்பிக்கப்பட்ட பிரதி' என்று போட்டிருக்கிறது.
முப்பது வருஷத்துக்கு முன்னால்
எங்களுக்கு வந்த காசெட்டின் முதுகில்
பால்பாயின்ட் பேனாவில்
'இங்கிலீஷ் பேய்' என்று மட்டும்.
அதுதான் படத்தின் பெயர் என்று
பத்தாவது முடிக்கும்வரை நம்பினேன்.

இண்டூரிலிருந்து உள்ளே நாலு மைல்.
டெக்கும் டிவியும் டிவிஎஸ் ஐம்பதில் ஏறி வரும்,
ராத்திரிக்கு நூற்றிருபது.
சாமி படம் ஒன்று, சண்டைப் படம் ஒன்று,
இது கொசுறு.
போடும்போது மணி இரண்டரை.
பாதிப்பேர் பாய் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது.
பெங்களூரில் எட்டு மாதம் சென்ட்ரிங் வேலை பார்த்த
மாதேசன்தான் கதை சொன்னான்:
"நிலாவுல போர் போடறாங்க."
வெள்ளை உடுப்புக்காரர்கள் குழாய் இறக்க இறக்க
எத்தனை அடி, எத்தனை அடி என்று
எங்கள் ஜனம் கேட்டது.
"ஆயிரத்து நூறு."
"கேசிங் எவ்ளோ?"
அதற்கும் ஒரு கணக்குச் சொன்னான்.
தண்ணீர் பீறிட்டதும் கைதட்டினோம்.
சின்னப்பாப்பா அக்கா
கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதைக் குடித்தவர்களில் ஒருவன்
காலையில் கண்ணாடி முன் நின்று
உதட்டைத் தூக்கிப் பார்க்கிறான்.
பல்லில் காவிக் கோடு.
விரலால் தேய்க்கிறான், போகவில்லை.
இசை கீழே கீழே இறங்க
கேமரா அவன் வாய்க்குள்ளேயே
போய்விடும்போல் நெருங்குகிறது.

எங்கள் வாசலில் ஒருவரும் அசையவில்லை.
"இப்ப என்னவாம்?" என்றார் பச்சையப்பன் மாமா.
மாதேசனுக்கும் தெரியவில்லை.
"பல்லு விளக்கறான்."

பிறகு முட்டி மடங்காமல் நடந்தார்கள்,
கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்பினார்கள்.
பச்சையப்பன் மாமா
அதே மாதிரி எழுந்து போய்
ஒன்றுக்கிருந்துவிட்டு அதே மாதிரி வந்து உட்கார்ந்தார்.

எலும்புக்குள்ளிருந்து அது வெளியே வந்தபோதுதான்
அலறினோம். தெருநாய் எல்லாம் எழுந்தது.
டிராக்கிங் கோடுகள் அதன் முகத்தை
மறைத்து மறைத்துக் காட்டின.
மறைத்த இடத்தை நானே நிரப்பிக்கொண்டேன்,
நாலு நாள் தனியாகக் கொல்லைப்பக்கம் போகவில்லை.

இப்போது தருமபுரியில் மாடி வீடு.
குழாயில் காவிரி வருகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள்.
அடிவசனம் ஓடுகிறது:
அது நிலாவே இல்லை,
பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு கோள்.
எத்தனை அடி என்று படத்தில் யாரும் சொல்லவில்லை.
மாதேசன் லாரியில் கிளீனராகப் போனவன்
திரும்பவில்லை, கேசிங் கணக்கு அவனோடு.

இயக்குநர் பேசும் ஒலித்தடம் தனியாக இருக்கிறது.
பல்லுக்கு டீத்தூளும் நகப்பூச்சும் குழைத்தாராம்.
முதல் காட்சியில் அந்த இடத்தில்
இரண்டு பேர் மயங்கி விழுந்தார்களாம்.
சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். முகம் காட்டவில்லை.

தங்கபுஷ்பம் தூத்துக்குடிக்காரி.
முறுக்கைக் கடித்தபடி,
"ஏங்க, அந்தப் பல்லப் பாருங்களேன், சீ..."
பாதியில் நிறுத்தினாள்.
நிறுத்தியது கேட்டது.
ஃபேன் சுற்றியது.
முறுக்கும் அவள் வாயில் அப்படியே.

சிரிப்பு வந்தால்
என் வலது கை தானாக வாய்க்குப் போகும்,
ஆறாம் வகுப்பிலிருந்து.
கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்திலும் பல் இல்லை,
போட்டோக்காரர் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்.
பதினெட்டு வருஷம்
நாங்கள் இருவரும் பேசாமல் விட்ட ஒரே விஷயம்
திரையில் ஆறடிக்கு நிற்கிறது.
நிறுத்தவா என்றாள்.
ஓடட்டும் என்றேன்.

அது வந்தது.
கோடு இல்லை, மழை இல்லை, அவ்வளவு துல்லியம்.
முதலில் பார்த்தது அவள்தான்.
"ஜிப்புங்க! முதுகுல ஜிப்பு!"
திரும்ப ஓட்டினோம். நிறுத்தினோம்.
ஜிப்பேதான்,
பாதி வரைக்கும் இழுத்து, அதற்குமேல் போகாமல்
ஒரு ஊக்கு குத்தியிருந்தார்கள்.
அவளுக்குப் புரையேறியது. எனக்குக் கண்ணில் தண்ணீர்.
இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று
அந்தப் பிசாசைப் பின்னுக்கும் முன்னுக்கும் நடக்கவிட்டோம்.

படம் முடிந்து
பட்டியல் பக்கம் அதே இசையைத் திரும்பத் திரும்பப்
போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்,
வலது கை
முறுக்குத் தட்டிலேயே இருந்திருக்கிறது.